ஆடும் பல்லும் துபாய் சம்பந்தியும்

கையெழுத்து மேலும் கீழுமாகப் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில்தான் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்கிறேன். பேத்தி தாளை அப்படியே படம்பிடித்து இணையத்தில் போடுகிறாள்.

கீழ்ப்பல் இரண்டு ஆடுகிறதென்று இன்று பாபநாசத்தில் பல் டாக்டரிடம் போனேன். துபாயிலிருந்து திரும்பிய சம்பந்தி கூப்பிடாமலே கூட வந்தார். அவர் வாயில் இருப்பது முழுப் பல்செட்டு.

"எல்லாத்தையும் புடுங்கிட்டு என்னை மாதிரி செட்டு வைங்க சம்பந்தி" என்று வழியெல்லாம் நச்சரித்தார்.

அங்கே சுவரில் ஒரு படம். 'ஈறு பல்லை இறுகப் பிடித்து, வேருக்குள் கிருமி போகாமல் காக்கும்.' ஓர் எழுத்தும் விடாமல் உரக்கப் படித்தேன்.

"நீங்க படிச்சு முடிக்கறதுக்குள்ள பல்லு தானா விழுந்துடும்" என்றார் சம்பந்தி. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, "பல்லு நல்லாருக்குங்க ஐயா. ஈறு விலகி இடையில அழுக்கு சேர்ந்திருக்கு. சுத்தம் பண்ணினா இறுகிக்கும்" என்றார்.

சம்பந்தியைத் திரும்பிப் பார்த்தேன். "வரப்புல நண்டு வளை போட்டா வளையை அடைப்பீங்களா, வயலை விப்பீங்களா?"

அவர் டாக்டரம்மாவிடம் மெதுவாக, "என் செட்டு ஏம்மா கழண்டுகிட்டே வருது?" என்று கேட்டார்.

"பல்லு போனா ஈறும் எலும்பும் வத்திடுங்க."

இந்த முறை நான் சிரித்தேன். நான் மட்டும்தான்.

அடுத்த வாரமும் போகவேண்டும். அவரும் வருகிறாராம். ஈறுக்கு மருந்து கிடைத்துவிட்டது. சம்பந்திக்கு என்ன மருந்து, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.