ரிமைண்டர் அக்காவும் இரண்டாம் மதிப்பீட்டாளரும்

அவளுடைய உண்மையான பெயர் பல்கலைக்கழகத்தில் சம்பளப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவள் ரிமைண்டர் அக்கா. அவளைவிட வயதில் மூத்த பேராசிரியர்கள்கூட முகத்துக்கு நேரே 'மேடம்' என்றும் முதுகுக்குப் பின்னால் 'ரிமைண்டர்' என்றும்தான் சொன்னார்கள்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் முதுகலைத் துறை ஒவ்வொன்றும் ஒரு ஆய்விதழ் நடத்தியது. ஆய்வு மையங்கள் போட்டிக்கு ஆளுக்கொன்று நடத்தின. இரண்டு பேராசிரியர்கள் முட்டிக்கொண்டு பிரிந்தால் ஒரு புது மையம் முளைக்கும். மையம் முளைத்த கையோடு ஒரு இதழும் முளைக்கும். அத்தனை இதழ்களும் நூலகக் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருந்த ஒரே அறையிலிருந்துதான் வெளியே போயின. அந்த அறையில் ஒரு கணினி, கழுத்து சுளுக்கிக்கொண்ட ஒரு மின்விசிறி, போன வருடத்து இதழ்களை அடுக்கி அதன் மேல் வைத்த தண்ணீர் கேன், அப்புறம் அவள்.

வேலை இதுதான். கட்டுரை வந்ததும் எழுதியவர் பெயரை எடுத்துவிட்டு, விஷயம் தெரிந்த இரண்டு பேருக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் படித்துவிட்டு, போடலாமா வேண்டாமா என்று சொல்வார்கள். எழுதியது யார் என்று அவர்களுக்குத் தெரியக்கூடாது. குறை சொன்னது யார் என்று எழுதியவருக்குத் தெரியக்கூடாது. திட்டுகிறவருக்கும் திட்டு வாங்குகிறவருக்கும் நடுவில் ஒரு திரை. அதைக் கை வலிக்காமல் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அக்காவின் உத்தியோகம்.

மதிப்பீடு செய்ய ஒப்புக்கொண்ட பெரிய மனிதர்கள் கட்டுரையை வாங்கி வைத்துக்கொண்டு மறந்துபோவார்கள். முதல் நினைவூட்டலில் அக்கா தேன் ஒழுக எழுதுவாள். இரண்டாவதில் தேன் குறையும். மூன்றாவதில், 'தங்கள் உடல்நலம் குறித்துக் கவலையாக இருக்கிறது' என்று ஒரே வரி. அதைப் படித்ததும் அன்றைக்கே பதில் போட்டுவிடுவார்கள்.

வீட்டிலும் அதே வழக்கம்தான். அவளுடைய வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். குழாய் ஒழுகுகிறது என்று அவள் இரண்டாம் தடவை சொன்னாலே, "என் உடம்பைப் பத்தி விசாரிக்க ஆரம்பிக்கிறதுக்குள்ள சரி பண்ணிடறேன் தாயே" என்று ஸ்பேனரைத் தேடிப் போவார்.

அதே வீட்டில் அவள் தம்பியும் இருந்தான். பஸ் நிலையங்களில் ஜனங்கள் எப்படி வரிசையில் நிற்கிறார்கள் என்பது அவனுடைய முனைவர் பட்ட ஆய்வு. யார் முந்துகிறார்கள், யார் விட்டுக்கொடுக்கிறார்கள், சண்டை எங்கே ஆரம்பிக்கிறது என்றெல்லாம் வெயிலில் நின்று குறித்துக்கொண்டு வருவான். "ஏழு வருஷமா பஸ் ஸ்டாண்டுல நிக்கிறான், இன்னும் ஒரு பஸ்லயும் ஏறல" என்று மச்சான் கிண்டலடிப்பார். தம்பியும் சிரிப்பான். இரண்டு வருடம் முன்னால்வரை நன்றாகவே சிரித்தான்.

இப்போது சிரிக்க முடியாத இடத்துக்கு வந்திருந்தான். ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டுமானால், அவன் பெயர் முதலில் வருகிற மாதிரி ஒரு கட்டுரை ஆய்விதழில் வெளியாகியிருக்க வேண்டும். வருடக் கடைசிக்குள் அது நடக்காவிட்டால் அவனுடைய பதிவு ரத்து. ஏழு வருடமும் வீண். மச்சானின் கடையில் கண்ணாடி துடைக்கிற வேலைக்கு ஆள் தேவை என்று அவனே ஒரு நாள் விசாரித்தான். அக்காவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அவனுடைய வழிகாட்டி பெரிய ஆள். வரிசையைப் பற்றிய ஆராய்ச்சியில் முன்னோடி என்று பெயர் வாங்கியவர். வளாகம் முழுக்க அவரை 'வரிசை சார்' என்றுதான் சொல்லும். கேன்டீனில் மட்டும் அவர் வரிசையில் நின்று யாரும் பார்த்ததில்லை. நேராகக் கவுன்ட்டருக்குப் போவார், பின்னால் நிற்கிறவர்கள் மாணவர்கள் என்பதால் வாயைத் திறக்க மாட்டார்கள்.

மாணவன் எழுதினாலும் வழிகாட்டியின் பெயரும் சேர்ந்து வர வேண்டும். எந்த விதிப் புத்தகத்திலும் இது கிடையாது, ஆனால் மீறியவன் எவனும் பட்டம் வாங்கியதில்லை. தம்பியும் கட்டுரையை எழுதி, தன் பெயருக்குக் கீழே அவர் பெயரையும் போட்டு, அவரிடம் கொடுத்தான். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. சுற்றியிருந்த ரப்பர் பேண்டைக்கூட யாரும் கழற்றவில்லை. "நல்லா வந்திருக்கு, அனுப்பிடு" என்றாராம்.

அது அக்காவின் அறைக்கு வந்தபோது அவள் முதன்மை ஆசிரியரிடம் கொண்டுபோனாள். இவருக்குப் 'பார்க்கலாம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.

"சார், இது என் தம்பி எழுதினது. நான் தொடக்கூடாது. மதிப்பீட்டாளரை நீங்களே தேர்ந்தெடுத்து நீங்களே அனுப்பிடுங்க."

"பார்க்கலாம்மா" என்றார். ஆச்சரியம், பார்த்தும்விட்டார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் சொந்தமாகச் செய்த ஒரே காரியம் அதுதான். அதுதான் வினையாகவும் போனது.

ஒரு மதிப்பீட்டாளர் சீக்கிரமே, "நன்று, வெளியிடலாம்" என்று எழுதிவிட்டார். இரண்டாமவர் வாயைத் திறக்கவில்லை. யாரென்று அக்காவுக்குத் தெரியாது. பார்க்கலாம் சாரைப் பிடித்து உலுக்கி, அவர் கையாலேயே மூன்று நினைவூட்டலும் அனுப்ப வைத்தாள். கடைசியில் ஒரு மத்தியானம் பொதுவான மின்னஞ்சல் பெட்டியில் பதில் வந்து விழுந்தது. நீளமான பதில்.

'இக்கட்டுரையாளருக்கு இத்துறையின் அரிச்சுவடியே தெரியவில்லை. வரிசை ஆய்வின் முன்னோடி எழுதிய முக்கியமான கட்டுரைகளை இவர் கண்ணால்கூடப் பார்த்ததாகத் தெரியவில்லை. நிராகரிக்கலாம்.'

அனுப்பியவர் பெயரை அவள் இரண்டு தடவை படித்தாள். வரிசை சார்.

பார்க்கலாம் சார், 'வரிசையா? அதில் அவரைவிட்டால் யார்?' என்று யோசித்து, கட்டுரையில் இரண்டாவதாக இருந்த பெயரையே கவனிக்காமல், பெயர்கள் இருந்த முதல் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு அவருக்கே அனுப்பியிருக்கிறார். எழுதியவர்கள் தங்கள் பழைய கட்டுரைகளைக் குறிப்பிட்டிருந்தால் அதை அவர்களே மறைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்பது விதி. அதனால் வரிசை சாரைப் பற்றித் தம்பி பக்தியோடு எழுதியிருந்த குறிப்புகள் எல்லாம் கறுப்பு மையில் மூழ்கிவிட்டன. தன்னை யாரும் மதிக்கவில்லை என்று அவர் கொதித்துப்போய், தன்னுடைய கட்டுரையையே கிழித்துத் தோரணம் கட்டியிருக்கிறார்.

தவறு நடந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். சொன்னால் புது மதிப்பீட்டாளர், புது நினைவூட்டல்கள், பல மாதம். வருடக் கடைசி அதற்குள் போய்விடும். பயம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். ஆத்திரம் ஜெயித்தது. ஒருவர் சரி என்றும் ஒருவர் வேண்டாம் என்றும் சொன்னால், பெயர் போடாமல் இரண்டு குறிப்புகளையும் எழுதியவர்களுக்கு அனுப்பி விளக்கம் கேட்பதுதான் வழக்கம். அதையே செய்தாள். எழுதியவர்கள் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் போனது.

அன்று ராத்திரி தம்பி சாப்பாட்டு மேஜையில் பாதியிலேயே கையை நிறுத்தினான்.

"அக்கா, எனக்கு அரிச்சுவடியே தெரியலையாம்."

"எவனோ எழுதினதுக்கு நீ ஏன்டா வாடறே?"

"எவனோ இல்லக்கா. துறை தெரிஞ்ச ஆள்தான். எழுத்துல தெரியுது. சார் நல்லா இருக்குன்னு சொன்னது என் மனசு நோகக் கூடாதுன்னுதான் போல. நான் மச்சான் கடைக்கே போயிடறேன்."

அவளுக்கு அந்தப் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இத்தனை வருடம் பிடித்த திரை, ஒரு வார்த்தையில் கிழிந்துவிடும். தம்பி வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டான், விஷயம் வெளியே போனால் கட்டுரையும் போய்விடும். தண்ணீர் கொண்டுவருகிற மாதிரி எழுந்து உள்ளே போய் அழுதாள்.

மறுநாள் வரிசை சார் படிக்கு அடியில் குனியாமல் நுழைந்து தலையை இடித்துக்கொண்டார். கையில் அச்செடுத்த தாள்.

"யாரும்மா இவன்? அரிச்சுவடி தெரியலைன்னு எழுதியிருக்கான். யாரைப் பாத்து? முன்னோடியைப் படிக்கலையாம். முன்னோடியே நான்தானே!"

தன்னுடைய வசவு அவருக்கே அடையாளம் தெரியவில்லை. தெரிய நியாயமும் இல்லை. வருகிற எல்லாக் கட்டுரைக்கும் அதையேதான் எழுதுவார், அனுப்பின நிமிஷமே மறந்துவிடுவார்.

"பேரைச் சொல்லக்கூடாது சார்" என்றாள் அக்கா.

"நீ சொல்ல வேண்டாம். இவன் ஒரு வரி படிக்கல, அது நிச்சயம். படிச்சிருந்தா இப்படி எழுதுவானா? மண்டையில ஒண்ணுமில்லாதவன்."

"நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும். விளக்கம் எழுதிக் கொடுங்க."

எழுதினார். எழுதுவதற்கு முதலில் கட்டுரையைப் படிக்க வேண்டியிருந்தது. தம்பியை அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, ஒவ்வொரு பத்தியாக அவனோடு மல்லுக்கு நின்றார். "இதை ஏன் இப்படிச் சொன்னே? ஆதாரம் எங்கே?" அவன் சொன்னான். அவர் மறுத்தார். அவன் விடவில்லை. கடைசியில் அவர் எழுதிய விளக்கம் கட்டுரையைவிட நன்றாக இருந்ததாகப் பேச்சு. பார்க்கலாம் சார் அதைப் படித்துவிட்டு, "போட்டுடலாம்" என்றார். அவர் வாயில் இன்னொரு வார்த்தை இருப்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

அக்கா மூச்சுவிட்டாள். இரண்டு நாள்தான்.

வரிசை சார் திரும்பவும் வந்தார். இந்தத் தடவை குனிந்து, சிரித்த முகமாக.

"பாத்தியாம்மா, ஜெயிச்சாச்சு. அந்த முட்டாளோட போராடினது நான். அதனால பேர் வரிசையை மாத்திடு. என் பேரு முதல்ல, பையன் பேரு ரெண்டாவது."

"சார், அவன் பேரு முதல்ல இல்லைன்னா ஆய்வேடு கொடுக்க முடியாது."

"அவனுக்கென்ன, இன்னொரு கட்டுரை எழுதிக்குவான். சின்ன வயசுதானே."

அவரிடம் கெஞ்சலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். கேன்டீனில் வாயைத் திறக்காமல் நிற்கிற பிள்ளைகளின் முகம்தான் ஞாபகம் வந்தது. நாற்காலியை இழுத்துக் கணினிக்கு நேராக உட்கார்ந்தாள்.

"சரி சார். கட்டுரையை ஏத்துக்கிட்டா, மதிப்பீட்டாளருக்கு ஒரு நன்றிக் கடிதம் அனுப்பறது இங்க வழக்கம். நீங்க மதிப்பிட்ட கட்டுரையை எழுதினவங்க இவங்கன்னு அதுல பேர் போடுவோம். இப்பவே அனுப்பப் போறேன். பேரை மாத்தறதா இருந்தா, அந்த ஆளுக்கும் தெரியட்டுமே."

"அனுப்பு, அனுப்பு. அந்த மடையனுக்கு யார்கூட மோதினோம்னு தெரியட்டும்."

பழைய வரிசையிலேயே பெயர்களை வைத்து அனுப்பினாள். வரிசை சாரின் சட்டைப்பையில் போன் 'டிங்' என்றது.

எடுத்துப் பார்த்தார். 'மதிப்பிற்குரிய மதிப்பீட்டாளர் அவர்களுக்கு' என்று ஆரம்பித்த கடிதம். முதலில் வேறு யாருக்கோ வரவேண்டியது என்று நினைத்தார் போலிருக்கிறது, புருவத்தைச் சுருக்கினார். அப்புறம் கீழே இழுத்தார். தான் எழுதின நிராகரிப்பும் அங்கே இருந்தது, அதற்கு மேலே தன் பெயரும் மாணவன் பெயரும் இருந்தன. மின்விசிறி ஒரு சுற்று சுற்றித் திரும்பி வந்தது. அவர் கழுத்திலிருந்து காதுவரை சிவந்து போனது.

"இது... வேற யாருக்கும்..."

"மதிப்பீட்டாளர் யாருன்னு நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார். விதி. பேர் வரிசை எப்படி இருக்கணும்?"

"இப்ப இருக்கிறபடியே இருக்கட்டும்" என்றார். போகும்போது மறுபடியும் தலையை இடித்துக்கொண்டார்.

இதழ் அச்சாகி வந்த அன்றைக்கு அக்கா முதல் பிரதியைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். தம்பி அதை வாங்கி, தன் பெயரைத் தடவிப் பார்த்தான்.

"பதிவு பிழைச்சுது" என்றாள்.

"அது கிடக்கட்டும்க்கா. சார் என்கூட உக்காந்து ஒவ்வொரு வரியா சண்டை போட்டார் தெரியுமா? ஏழு வருஷத்துல என் எழுத்தை ஒருத்தர் படிச்சிட்டுப் பேசினது அதுதான் முதல் தடவை. பட்டம் வராட்டாக்கூட எனக்கு அது போதும்னு இருந்துச்சு." பக்கத்தைப் புரட்டினான். "நீ சொல்லு. வரிசையை விட்டுக் கொஞ்ச நேரம் போறவங்க, பின்னால நிக்கிற யாரை நம்பி இடத்தை விட்டுட்டுப் போறாங்கன்னு ஒரு பகுதி இருக்கே. அது உனக்கு எப்படி இருந்துச்சு?"

அக்கா வாயைத் திறந்தாள். அந்தக் கட்டுரைக்காக அழுதிருக்கிறாள், இல்லாத வழக்கத்தைச் சொல்லி ஒரு பெரிய மனிதரை வலையில் விழவைத்திருக்கிறாள், வேலையைப் பணயம் வைத்திருக்கிறாள். பக்க எண் தெரியும், எழுத்தளவு தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. இந்தக் கட்டுரை மட்டும் இல்லை, அந்த அறையிலிருந்து அவள் அனுப்பிவைத்த எதிலும் ஒரு பத்திகூட அவள் படித்ததில்லை. முகம் வெட்கத்தில் சுட்டது.

"நான் இன்னும் படிக்கலடா."

தம்பி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம் என்று அவளுக்கு இருந்தது. அவன் இதழைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டான்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.