சரிபாதிப் புத்தகங்கள்

என் மகனின் பெண்கள் இருவரும் ஆறாம் வகுப்பில் சேர்ந்த வாரத்தில் அவர்களுடைய பள்ளிப் பைகளை எடைபோட்டுப் பார்த்தேன். பெரியவளுடையது ஏழு கிலோ இருநூறு. சின்னவளுடையது ஏழு கிலோ நூறு. தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் குடித்திருந்தாள். பெரியவள், சின்னவள் என்று சொன்னாலும் இரட்டையர்கள்தான், பதினான்கு நிமிடம் வித்தியாசம். அன்றைக்கு இருவரும் முப்பது கிலோவைத் தொட்டிருக்கவில்லை.

செஞ்சி நெல் சந்தையில் முப்பத்தொரு வருடம் எடைபோட்டவன் நான். சுமை தூக்குகிறவர்களை அவ்வளவு காலம் பார்த்திருக்கிறேன். முதுகு எந்த இடத்தில் முதலில் வளையும் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலிருந்து பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்கு என் காலுக்கு ஆயிரத்து நூற்று நாற்பது அடி. அவர்கள் காலுக்கு இன்னும் அதிகம்.

மறுநாள் ஒரு வழி தோன்றியது. இருவரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அரசாங்கம் ஆளுக்கொரு செட் புத்தகம் இலவசமாகக் கொடுத்திருக்கிறது. ஒரே பெஞ்சுக்கு இரண்டு கணக்குப் புத்தகம் எதற்கு? ஒரு செட்டை வீட்டில் படிப்பதற்கு என்று வைத்துவிட்டேன். இன்னொரு செட்டைத் தராசில் வைத்துப் பிரித்தேன். தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றும் பெரியவள் பைக்கு. அறிவியல், சமூக அறிவியல் இரண்டும் சின்னவள் பைக்கு. சின்னவள் பக்கம் நாற்பது கிராம் குறைந்தது; பெரியவள் பையிலிருந்த காம்பஸை அந்தப் பக்கம் மாற்றினேன், சரியாகிவிட்டது.

ஐந்து வருடம் இப்படியே நடந்தது. புத்தகங்கள் தடித்தாலும் பங்கீட்டை நான் மாற்றவில்லை. ஆசிரியைகள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். தெருவில் மற்றப் பிள்ளைகள் முன்னால் சாய்ந்து நடக்க, என் பேத்திகள் நிமிர்ந்து நடப்பதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும். இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். சிலரிடம் இரண்டு முறை.

போன வருடம் பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. பெரியவள் நானூற்று நாற்பத்தொன்று. சின்னவள் முந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு. வீட்டில் எல்லோரும் இனிப்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் நாற்பத்தேழு மதிப்பெண் வித்தியாசத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிளஸ் ஒன்னில் குரூப் எடுக்க வேண்டும். பெரியவளுக்கு ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்கும். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல். சின்னவளுக்குக் கிடைக்காவிட்டால் வேறு வகுப்பு, வேறு புத்தகம், வேறு பெஞ்சு. என் பங்கீடு அன்றோடு போயிற்று. தவிர, பிறந்ததிலிருந்து தனித்தனியாக உட்கார்ந்து அறியாத பிள்ளைகள். எனக்குத்தான் பயமாக இருந்தது.

நெல் எடைபோடும் இடத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். மூட்டை தராசில் ஏறியதும் எடையை மூன்று முறை உரக்கச் சொல்ல வேண்டும். கொண்டுவந்தவர் அதற்குள் ஒன்றும் சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டார் என்று பொருள். சீட்டில் எழுதிவிட்டு மூட்டையை இறக்கிவிடலாம். ஓய்வு பெற்றுப் பதினைந்து வருடம் ஆகியும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. பேத்திகளிடமும் அப்படித்தான் கேட்டேன். ரெண்டு பேருக்கும் ஃபர்ஸ்ட் குரூப்தானே? முதல் தடவை கேட்டபோது சின்னவள் தலை பின்னிக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் தடவை கரண்ட் போய் மூவரும் வாசலில் நின்றிருந்தோம். மூன்று தடவையும் பெரியவள்தான் "ஆமா தாத்தா, அவளுக்கும் அதான்" என்றாள். சின்னவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் எழுதிக்கொண்டேன்.

மருமகள் மட்டும் அடுப்படியிலிருந்து, "சின்னதுகிட்ட கேட்டீங்களா மாமா?" என்றாள்.

மூன்று முறை கேட்டாயிற்று என்றேன்.

"கேட்டீங்க. அது இன்னா சொல்லுச்சு?" என்று கேட்டுவிட்டு அவள் குக்கரைப் பார்க்கப் போய்விட்டாள். விசில் நான்கு ஆகியிருந்தது. மூன்றில் இறக்க வேண்டியது. அதைச் சொல்வதிலேயே என் கவனம் போய்விட்டது.

அதன்பிறகு நான் பள்ளிக்கு நான்கு முறை போனேன். முதல் முறை தலைமையாசிரியை கூட்டத்துக்குப் போயிருந்தார். இரண்டாம் முறை, ஃபர்ஸ்ட் குரூப்புக்கு அறுபது இடம், உங்கள் சின்னப் பேத்தி வரிசையில் எழுபதாவது என்றார். மூன்றாம் முறை போனபோது சிலர் பாலிடெக்னிக், சிலர் தனியார் பள்ளி என்று ஒன்பது பேர் கழன்றிருந்தார்கள். நான்காம் முறை ஒரே ஒரு இடம் மிச்சம் இருந்தது. அதற்கு இரண்டு பெண்கள். இருவருக்கும் அதே முந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு. ஒருத்தி என் பேத்தி, இன்னொருத்தி அனந்தபுரம் பக்கத்திலிருந்து வருகிறவள்.

நான் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினேன். ஐந்து வருடமாக இரண்டு பைகளின் எடை, வருடவாரியாக. தலைமையாசிரியை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை மேலிருந்து கீழ்வரை படித்தார். சிரிப்பை அடக்கினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிரிந்தால் பிள்ளைகள் ஏங்கிப்போய்விடும் என்று சொன்னேன். கடைசியில் அவர், "சரிங்க அய்யா. உங்க பேத்திக்கே குடுத்துடறேன். திங்கக்கிழமை ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க. அந்தப் பொண்ணுக்கு வேற ஏதாவது சொல்லிக்கிறேன்" என்றார்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குப் போய்விட்டோம். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, ஆதார், எல்லாம் ஆளுக்கு ஆறு ஜெராக்ஸ், கேட்டது இரண்டுதான். அலுவலக வராந்தாவில் எங்களுக்கு முன்பே ஓர் அம்மாவும் பெண்ணும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் ஒரு மஞ்சள் பை. அனந்தபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்ததாக அந்த அம்மா பியூனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் யார் என்று எனக்கு உடனே புரிந்தது. நான் ஜெராக்ஸ் தாள்களை மறுபடியும் எண்ணத் தொடங்கினேன்.

உள்ளே பெரியவள் கையெழுத்துப் போட்டாள். சின்னவளிடம் பேனாவைக் கொடுத்தார்கள். அவள் பேனாவை வாங்கிக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த குரூப் பட்டியலைப் படிக்க ஆரம்பித்தாள். மொத்தம் ஐந்து குரூப். ஐந்து வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. பிறகு பேனாவை மேசையில் வைத்தாள்.

"தாத்தா, கொஞ்சம் வெளிய வாங்க."

வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போனோம். பெரியவளும் பின்னால் வந்தாள்.

"எனக்கு இது வேணாம் தாத்தா. ஹிஸ்டரி குரூப் எடுத்துக்கிறேன். அதுல புவியியல் இருக்குது."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. நான்கு முறை வந்து போயிருக்கிறேன், ஒரு முறை மழையில். மூன்று முறை கேட்டேனே, அப்போது வாய் என்ன செய்தது என்றேன்.

"மூணு வாட்டி கேட்டீங்க. மூணு வாட்டியும் சும்மாதான இருந்தேன்."

"சும்மா இருந்தா சரின்னுதானே அர்த்தம்?"

"எனக்கு வேணாம்னு அர்த்தம் தாத்தா. எப்பிடிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன்."

முப்பத்தொரு வருடத்தில் தராசுக்கு முன்னால் பேசாமல் நின்ற ஆட்கள் எத்தனை பேர் என்று என் மனம் எண்ணப் பார்த்தது. எண்ண முடியவில்லை. அது எனக்குப் பழக்கமில்லாத விஷயம்.

செஞ்சிக் கோட்டையைப் பார்த்து வளர்ந்ததால் சரித்திரத்தில் ஆசையா என்று கேட்டேன். ஏதாவது கேட்க வேண்டும் என்றுதான் கேட்டேன். அவள் கோட்டைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது கெடக்குது" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"கணக்குப் புத்தகம் எப்பவும் அக்கா முன்னாடிதான் இருக்கும். நான் எட்டி எட்டித்தான் பாத்தேன். சமூக அறிவியல் மட்டும் என் முன்னாடி இருக்கும். டீச்சர் வர்ற வரைக்கும் அதுல மேப்பப் பாத்துட்டிருப்பேன். எனக்கு அதான் புடிச்சிருக்குது."

"சயின்சும் உன் பையிலதாண்டி இருந்துச்சு" என்றாள் பெரியவள்.

"இருந்துச்சு. அதத் தொறக்கத் தோணல."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் கண் கலங்கியிருந்தது. "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல" என்றாள். சின்னவள், "உங்கிட்ட சொன்னா நீயும் ஹிஸ்டரி எடுக்கறேம்ப. நீ டாக்டருக்குப் படிக்கணும்" என்றாள். இந்தப் பேச்சு எத்தனை நாளாக அவளுக்குள் இருந்ததோ. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் பையின் எடைதான், கிராம் கணக்காக.

பங்கு பிரித்தது நான். அன்று தராசில் வேறு மாதிரி அடுக்கியிருந்தால் கணக்குப் புத்தகம் இவள் பைக்குப் போயிருக்கும். அதை அவளிடம் சொல்லவில்லை. எழுபத்து நான்கு வயதில் எல்லாவற்றையும் உடனே சொல்லிவிட வேண்டும் என்பதில்லை.

அந்த வராந்தாவில் பத்தடி தூரத்தில் மஞ்சள் பையோடு அந்த அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சு காதில் விழுந்திருக்காது. ஆனால் மூன்று பேர் உள்ளே போய்க் கையெழுத்து முடியாமல் வெளியே வந்து நின்றால் அதற்கு ஏதோ பொருள் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பெண் தலை குனிந்து செருப்பு வாரைத் திருகிக்கொண்டிருந்தது.

நான் திரும்ப உள்ளே போனேன். வாசல்படியிலிருந்து தலைமையாசிரியையின் மேசைக்கு ஒன்பது அடி. அந்த ஒன்பதடி நடந்தது அந்த நான்கு தடவை நடையைவிடக் கஷ்டமாக இருந்தது. இடம் வேண்டாம், சின்னவளுக்கு வேறு குரூப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நாலு வாட்டி வந்து கேட்டீங்களே அய்யா, அது யாருக்கு?"

"எனக்குங்க அம்மா."

பேத்திகள் இருவரும் எனக்குப் பின்னாலேயே உள்ளே வந்திருந்தார்கள். அவர் சின்னவளைப் பார்த்து, "ஹிஸ்டரி குரூப்பா? யாரும் சொல்லிக் குடுத்தாங்களா?" என்றார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். பிறகு, தலையாட்டியது போதாது என்று நினைத்தவள்போல, "நானாத்தான் மிஸ் கேக்கறேன்" என்று வாய்விட்டுச் சொன்னாள். பியூனிடம் வெளியே இருப்பவர்களை வரச் சொன்னார்கள். நாங்கள் வெளியேறும்போது அந்த அம்மா உள்ளே நுழைந்தார். அவசரத்தில் மஞ்சள் பையை வராந்தாவிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். பெரியவள்தான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

வீட்டில் மருமகள் விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறை அதைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, சின்னவளின் பழைய ரஃப் நோட்டுகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பின்பக்கங்களில் எல்லாம் வரைபடங்கள். ஒன்றில் எங்கள் தெரு, பள்ளி, நெல் சந்தை. என் பழைய எடைக்கொட்டகைக்கு ஒரு சின்னச் சதுரமும், பக்கத்தில் 'தாத்தா' என்றும் போட்டிருந்தாள். பள்ளியிலிருந்து சந்தைக்குப் போகிற வழியில் ஒரு வளைவை வரையாமல் விட்டிருந்தாள்; அதை நான் சுட்டிக்காட்டவில்லை.

பெரியவள் இரண்டு நாள் தங்கையோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் இருவரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து புத்தகங்களுக்கு அட்டை போட்டார்கள். முதல் முறையாக லேபிளில் ஒவ்வொருத்தியும் தன் பெயரை மட்டும் எழுதினாள். அதுவரை ஒரே லேபிளில் இரண்டு பெயரும் இருக்கும்.

இப்போது ஒரு வருடம் முடிந்து இருவரும் பிளஸ் டூ. வகுப்பறைகளும் தனித்தனி, நடுவில் ஒரு மாடிப்படி, பதினெட்டுப் படிகள். சாப்பாட்டு மணி அடித்தால் ஒருத்தி இறங்குவாள், ஒருத்தி ஏறுவாள், பெரும்பாலும் எட்டாவது படியில் சந்தித்து அங்கேயே டப்பாவைத் திறந்துவிடுவதாகக் கேள்வி. ஏங்கிப்போனவள் யாரும் இல்லை. ஆரம்பத்தில் நான்தான் சாயந்தரம் நான்கரை மணிக்கு வாசலில் நின்று, இரண்டு தலை தெரிகிறதா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போதும் நிற்கிறேன்.

பைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் எடைபோடுவதை விடவில்லை. பெரியவளுடையது ஆறு கிலோ எண்ணூறு. சின்னவளுடையது ஐந்து கிலோ தொள்ளாயிரம். எந்த வழியில் பிரித்தாலும் இனிக் குறையாது. போன ஞாயிறு சின்னவளிடம் கனமாக இருக்கிறதா என்று கேட்டேன். அவள் ரிப்பன் மடித்துக்கொண்டிருந்தாள், உடனே பதில் வரவில்லை. நான் இரண்டாம் முறை கேட்கவில்லை. ரிப்பனை மடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தேன்.

"கனமாத்தான் இருக்குது தாத்தா" என்றாள். "பரவால்ல."

அவள் குளிக்கப் போனதும் பையைத் திறந்து பார்த்தேன். அடியில் ஒரு பெரிய அட்லஸ். மறுநாள் கால அட்டவணையில் புவியியல் கிடையாது. அது எனக்கு மனப்பாடம். தராசில் தனியாக வைத்தேன், நானூற்று இருபது கிராம். ஒருநாள் வீட்டில் இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது, அலமாரியில் வைத்துவிடலாம் என்று அலமாரிவரை போனேன். பிறகு திரும்பி வந்து, மூலை மடங்காமல் பையின் அடியிலேயே வைத்து ஜிப்பை இழுத்து மூடினேன்.