யாரும் கப் வாங்கிடாதீங்க

நோன்புக் கஞ்சிக்காக நாங்கள் வைத்திருக்கும் வாட்ஸப் குழுவில் மைமூன் ராத்தாவின் கடைசிச் செய்தி வெள்ளிக்கிழமை மாலை வந்தது. “நாளைக்கு தம்ளர் என் வண்டியில வருது. யாரும் கப் வாங்கிடாதீங்க.” அதற்குக் கீழே நாங்கள் சிலர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தோம். அதற்கும் கீழே, மறுநாள் காலையில், அவர் கணவர் அன்வர் பாய் அனுப்பியது: “இன்னா லில்லாஹி. மைமூன் மவுத்தாயிட்டா. எல்லாரும் துஆ செய்யுங்க.” விடியுமுன் சஹர் சாப்பிட்டு, அதிகாலை சுபுஹு தொழுதுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். இரண்டு செய்திகளையும் மாற்றி மாற்றிப் படித்தேன். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அழுகை பிறகு வந்தது.

அமெரிக்காவில், மில்பிடாஸ் ஊரில் எங்களோடு நோன்பு திறந்தவர்கள் யாருக்கும் ராத்தாவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காயல்பட்டினத்துக்காரர். இங்கே சிப் சோதிக்கும் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் என்பதால் ராத்தா, அதாவது அக்கா. சத்தமாகப் பேசுவார், அதைவிடச் சத்தமாகச் சிரிப்பார், ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். அந்தப் பிடிவாதம் எங்கள் உயிரை வாங்கியது. அவர் வருவதைப் பார்த்து, கையில் இருந்த பிளாஸ்டிக் கப்போடு நான் பாத்ரூமுக்குள் ஒளிந்ததும் உண்டு.

எல்லாம் ஆரம்பித்தது ஒரு காற்றில். ரமலான் சனிக்கிழமைகளில் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்து நோன்பு திறப்போம். அப்போதெல்லாம் கஞ்சி தெர்மாகோல் கப்பில்தான். ஒரு வருஷம் அடித்த காற்றில் வெளியே குப்பைத் தொட்டி சாய்ந்து, கப்புகள் பார்க்கிங் லாட் முழுக்க உருண்டு ஓடின. சில, மழைத்தண்ணீர் போகும் வடிகாலின் கம்பி வழியாக உள்ளே இறங்கிவிட்டன. அந்த வடிகால் ஓரத்தில் மீன் படம் போட்டு, இது வளைகுடாவுக்குப் போகிறது என்று எழுதியிருக்கும். நாம் எப்போதும் அதன் மேல்தான் வண்டியை நிறுத்துகிறோம். நான் வெளியே வந்தபோது ராத்தா புது அபாயா அங்கியோடு தரையில் குப்புறப் படுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டிருந்தார். பக்கத்துக் கடைக்கு வந்த ஓர் அமெரிக்கப் பெண்மணி பதறிப்போய், சாவி விழுந்துவிட்டதா என்று கேட்டார். “நோ மேம், மை பீப்பிள் டிராப்டு இட்” என்றார் ராத்தா, படுத்தபடியே.

“எந்திரிங்க ராத்தா, எல்லாரும் பாக்கறாங்க” என்றேன். எனக்கு மானம் போனது.

“பாக்கட்டும். நீ போன் லைட்ட இப்படி அடி.”

அடித்தேன். வேறு என்ன செய்வது?

பக்கத்தில் அல்விசோவில், வளைகுடாத் தண்ணீர் வந்து தொடும் சதுப்பு நிலத்தின் ஓரமாக, ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் நடக்கப் போவார். அப்படி ஒருமுறை போனபோது சேற்றில் ஒரு பேரீச்சம்பழ டப்பாவின் மூடியைக் கண்டெடுத்தார். நாங்கள் நோன்பு திறக்க ஆளுக்கொன்றாகக் கொடுப்போமே, அதே மாதிரி பிளாஸ்டிக் டப்பா, அதே பச்சை எழுத்து. அதைக் கழுவிக்கூட எடுத்துவராமல், அடுத்த சனிக்கிழமை விரிப்பின் நடுவில், பழங்களுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார். எங்களில் ஒருவருக்குச் சுருக்கென்றது. “இது நம்மளோடதுதான்னு எப்படி ராத்தா சொல்றீங்க? எல்லாப் பள்ளிவாசல்லயும் இதே டப்பாதான்” என்றார். “நான் சொல்லலையே. நம்மளோடது இல்லன்னு உங்களால சொல்ல முடியுமா?” என்று கேட்டார் ராத்தா.

அடுத்த தடவை ஊருக்குப் போய்த் திரும்பியபோது பெட்டி நிறைய எவர்சில்வர் தம்ளர். விமான நிலையத்தில் எடை அதிகம் என்றதும், தன் புதுத் துணிகளையெல்லாம் வழியனுப்ப வந்த தங்கை கையில் கொடுத்துவிட்டுத் தம்ளரோடு ஏறியிருக்கிறார். கழுவுவது யார் என்று கேள்வி வந்தது. “குடிச்சவங்க கழுவணும். ஆபீஸ்ல டைரக்டரா இருந்தா எச்சில் எச்சில் இல்லாம போயிடுமா?” என்றார். அன்றிலிருந்து ஹாலின் சின்ன ஸிங்க் முன்னால் டாக்டர்களும் டைரக்டர்களும் ஆளுக்கொரு தம்ளரோடு வரிசையில் நின்றார்கள். ஊர்க்கதை முழுக்க அந்த வரிசையில்தான் பேசுவோம்.

தட்டுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். காயல்பட்டினத்தில் விருந்து என்றால் சஹன்தான். ஒரு பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, கறியை வைத்து, சுற்றி மூன்று பேர் உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து சாப்பிடுவார்கள். மூன்று பிளாஸ்டிக் தட்டு மிச்சம் என்பது ராத்தாவின் கணக்கு. சென்னையில் வளர்ந்த எனக்கு அது கூச்சமாக இருந்தது. அவர் ஒரு சஹனை வைத்து உட்கார்ந்து மகள் சுமையாவைக் கூப்பிட்டார். இங்கே பிறந்து வளர்ந்த பெண். தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். “உம்மா, திஸ் இஸ் சோ கிராஸ். ஐ வான்ட் மை ஓன் பிளேட்” என்று அருவருப்போடு முகம் சுளித்துச் சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் தட்டோடு சுவர் ஓரமாகப் போய் நின்றாள். ராத்தாவின் முகம் வாடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் போய் உட்கார்ந்தேன். அவர் பக்கமிருந்த நல்ல கறித்துண்டை என் பக்கம் தள்ளிவிட்டு, “கேக்காம சாப்பிடு ஜரினா” என்றார்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். போன வருஷம் பெண்கள் பக்கம் முழுக்கச் சஹன்தான். சுமையா மட்டும் சுவர் ஓரத்தில் தன் தட்டோடு நின்றாள். “அவ ஒரு நாள் என்கூட இதுல கை வெச்சா போதும். ஊருக்கே சொல்லிட்டேன், என் புள்ள கேக்க மாட்டேங்குது” என்பார் ராத்தா, சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பில் மட்டும் சத்தம் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்தது. நோன்பு திறக்கும் நேரத்துக்கு எல்லோரும் அவர் வீட்டில் கூடினோம். துக்க வீட்டில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்று ஆளாளுக்குச் சாப்பாடு வாங்கி வந்திருந்தோம். எல்லாம் பிளாஸ்டிக் பெட்டியில். தண்ணீர் பாட்டில் கட்டுகளைத் தூக்கி வந்தது நான். ஒருவருக்கும் உறைக்கவில்லை. தம்ளருக்கு என்ன செய்வது என்று யோசிக்கும் வேலையை இத்தனை வருஷமும் அவரிடமே விட்டிருந்தோம், அவரோ கபரில் இருந்தார். கறுப்புக் குப்பைப் பைகள் அவர் வீட்டு வாசலிலேயே வரிசையாக நின்றன.

சுமையா வெளியே வந்து அந்தப் பைகளைப் பார்த்தாள். உம்மாவின் வண்டிச் சாவியை எடுத்துப்போய் டிக்கியைத் திறந்தாள். சனிக்கிழமைக்காகக் கழுவித் துடைத்து, துண்டில் சுற்றி, தம்ளர்கள் அப்படியே இருந்தன. அந்தத் துண்டில் முகத்தைப் புதைத்து அவள் அழுத சத்தம் தெருவுக்குக் கேட்டது. நாங்கள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டோம். எங்களை யார் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நோன்பு திறந்து, அந்தி மஃரிப் தொழுத பிறகு அவளே ஒரு சஹனை எடுத்து வந்தாள். பெட்டியிலிருந்த சோற்றைக் கொட்டி, கறியை வைத்து, தரையில் உட்கார்ந்தாள். “ஆன்ட்டி, வில் யூ ஈட் வித் மீ?” என்றாள். உட்கார்ந்தேன். மூன்றாவது பக்கத்தில் உட்கார யாரும் துணியவில்லை. கறித்துண்டை அவள் பக்கம் தள்ளினேன். அவள் என் பக்கம் தள்ளினாள். இரண்டு பக்கச் சோறும் தீர்ந்தது, அந்தப் பக்கம் மட்டும் குவியல் குலையாமல் இருந்தது. “மிச்சம் வெச்சா உம்மா திட்டுவாங்க” என்றாள் தமிழில். கண்ணைத் துடைக்கக்கூட மறந்து இருவரும் அந்தப் பக்கத்தையும் சாப்பிட்டு முடித்தோம். அவர் இருக்கும்போது இதைப் பார்க்கவில்லையே என்ற துக்கம் எனக்கு ஆறவே ஆறாது.

ராத்தாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது தம்ளரைப் பற்றி யோசிக்கும் அவருடைய அந்த வேலையை. பிடிவாதம் எனக்கு அவ்வளவு வராது, பழகிக்கொள்வேன். நேற்றுக் குழுவில் எழுதினேன்: “சனிக்கிழமை தம்ளர் என் வண்டியில வருது. யாரும் கப் வாங்கிடாதீங்க.” அவர் எண்ணைக் குழுவிலிருந்து எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. எல்லோரும் படித்தால்தான் செய்தியின் ஓரத்தில் அந்த டிக் நீலமாகும். இன்னும் ஆகவில்லை.