ஆக்சிஜன் போகும் வால்வு

என் தங்கை ராக்கெட் எஞ்சின் வடிவமைக்கிறாள். சிறிய செயற்கைக்கோள்களை மலிவாக மேலே அனுப்புவது அவளுடைய சிறு நிறுவனத்தின் நோக்கம். எதைச் சேர்க்கலாம் என்று அவள் யோசித்து நான் பார்த்ததில்லை. எதை எடுத்துவிடலாம் என்றே யோசிப்பாள். முதலில் பம்பை எடுத்தாள். வாயுவின் அழுத்தமே எரிபொருளைத் தள்ளும். பிறகு மண்ணெண்ணெய்க்கும் ஆக்சிஜனுக்கும் தனித்தனியாக இருந்த வால்வுகளை ஒன்றாக்கினாள். அந்த ஒன்றையும் தென்காசியில், மோட்டார் பாகங்கள் கடையும் லேத் பட்டறையில் செய்யக் கொடுத்தாள். உள்ளூரில் செய்ய முடிந்தால்தான் அது மலிவான ராக்கெட் என்பது அவள் கட்சி.

சோதனையைப் பார்க்கச் சென்னையிலிருந்து முதலீட்டாளர்கள் இருவர் வந்திருந்தார்கள். ராயகிரிக்கு மேற்கே ஒரு வாடகைத் தோட்டம். மணல் மூட்டைகளுக்கு நடுவே எஞ்சினைப் படுக்கவைத்துக் கட்டியிருந்தார்கள். அவர்கள் கைவிட்டால் நிறுவனத்தை மூட வேண்டியதுதான் என்று தங்கை காரிலேயே சொல்லியிருந்தாள்.

பட்டறை அண்ணாச்சி வால்வைத் தானே பைக்கில் கொண்டுவந்தார். பொட்டலத்தைப் பிரித்ததும் தங்கை முகர்ந்து பார்த்தாள். தேங்காய் எண்ணெய்.

கடைந்தபோது பட்ட எண்ணெயைக் கழுவித் தரும்படி அவள் சொல்லியிருந்தாள். அவரும் கழுவியிருந்தார். பிறகுதான் மனசு கேட்கவில்லை.

"சாரல் நேரம்லா தங்கச்சி. துரு ஏறிரக் கூடாதுன்னு உள்ள வெளிய எல்லாம் தடவிக் கொண்டாந்திருக்கேன்."

அது துருப்பிடிக்காத எஃகு. ஆனாலும் ஆடி மாதத்தில் எண்ணெய் தடவாத உலோகத்தை இந்த ஊரில் யாரும் கையில் கொடுப்பதில்லை.

அழுத்தத்தில் வரும் ஆக்சிஜன் எண்ணெயில் பட்டால் வால்வே வெடிக்கும். முழுக்கப் பிரித்து, கழுவி, உலர்த்தத் தங்கையின் புளியங்குடி அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்; முடிய இரவாகிவிடும். வந்தவர்களுக்கோ மாலையில் ரயில். துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு நடத்தலாமே என்றார் ஒருவர்.

தங்கை மணல் மூட்டைக்குப் பின்னால் நின்ற தன் ஆட்களைப் பார்த்தாள். "இன்னைக்கு வேண்டாம் சார்" என்றாள்.

அண்ணாச்சிக்கு முகம் செத்துவிட்டது. "நம்ம வீட்டு எண்ணதான, கலப்படம் கிடையாதே" என்று என்னிடம் முனகினார்.

மறுநாள், கழுவிய வால்வோடு எஞ்சின் சரியாகவே எரிந்தது. பார்க்க நாங்கள்தான் இருந்தோம். அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு முதலீட்டாளர்கள் போனில் அழைத்தார்கள். மறுபடி வருகிறோம், ஆனால் வால்வை மட்டும் பெரிய கம்பெனியில் வாங்கிவிடுங்கள் என்றார்கள். அவள் முடியாது என்றாள். அதை வாங்கினால் தன் ராக்கெட் மற்றவர்களுடையதைப் போல விலை ஏறிவிடும் என்றாள். அவர்கள் தங்களுக்குள் கலந்து பேசினார்கள். பிறகு, அதே வால்வோடு இன்னொரு முறை நேரில் காட்டச் சொன்னார்கள்.