பின்னால் வந்தவள்

தொண்ணூறுகளில் மைசூர் ஆஸ்பத்திரி நர்சுகள் சிலர் சேர்ந்து இமயமலையில் உள்ள ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குப் போயிருந்தோம். மலைமேல் இருந்த புத்த மடத்துக்கு ஏறத் தொடங்கியதுமே எனக்கு மூச்சு வாங்கியது.

"சும்னே எதுக்குடி ரிஸ்க்கு? நீ வேன்லயே இரு" என்றாள் தோழி மேரி, கன்னடம் கலந்து.

"நீங்க முன்னாடி போங்க. நான் மெதுவா வந்தே தீருவேன்."

நின்று நின்று ஏறினேன். முதுகில் வறட்டிக் கூடையோடு ஓர் உள்ளூர்ப் பெண் பின்னால் வந்தாள். வழிவிட்டும் முந்தவில்லை. நான் நின்றால் நின்றாள், நடந்தால் நடந்தாள். எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

மடத்து வாசலை மிதித்ததும் திரும்பிப் பார்த்தேன். அவள் சிரித்துவிட்டு, அதே கூடையோடு வந்த வழியே இறங்கினாள். கீழே, எங்கள் வேனுக்குப் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு நானே நடப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்களின் கையை நான் பிடிப்பதில்லை. இரண்டடி பின்னால் நடக்கிறேன்.