பெயர் மாற்றப் போன கார்

அன்று அங்கே இருந்தவர்கள்: நான். காரை எனக்கு எடுத்துத் தந்த கிண்ணியாத் தரகர். அந்த வீட்டு அக்கா. பிறகு, காரின் பதிவுப் புத்தகத்தில் சொந்தக்காரராகப் பெயர் இருந்தவர். அவர் பேப்பரில் மட்டும் இருந்தார்.

இடம் சாம்பல்தீவு. இரண்டு வருடத்துக்கு முன், மாரி மழைக்கு முதல், ஒரு மத்தியானம்.

நான் திருகோணமலைத் துறைமுகத்தடியில் வாடகைக்கு ஹயர் ஓடுகிறவன். அதுவரை ஓடினதெல்லாம் மற்றவர்களுடைய வாகனம். என் பெயரில் ஒன்று வேண்டும் என்று இந்தப் பழைய வெள்ளைக் காரை எடுத்தேன். அனுராதபுரப் பக்கம் ஒரு வளவில் புல்லுக்குள் கிடந்தது. ஐந்து வருடமாக வரிப்பத்திரம் எடுக்கவில்லை. அதனால் மலிவு. மனைவியின் சங்கிலியை அடகு வைத்து வரி நிலுவை முழுவதும் கட்டினேன்.

பெயர் மாற்றுவதற்குச் சொந்தக்காரர் கையெழுத்து வைத்த பேப்பர் காரோடேயே வந்தது. வாங்குகிறவரின் பெயர் எழுதாமல் அப்படியே கைமாறிக் கைமாறி வரும். இங்கே பலரும் அப்படித்தான் வாங்குகிறோம். சொந்தக்காரரின் அடையாள அட்டைப் போட்டோக் கொப்பி மட்டும் இல்லை. அதைக் கேட்கத்தான் புத்தகத்தில் இருந்த விலாசத்துக்குப் போனோம்.

ஒழுங்கைக்குள் காரைத் திருப்பினேன். ஒரு அக்கா படலையைத் திறந்து ஒரு பக்கமாக நின்றார். நாங்கள் இன்னும் யாரிடமும் விலாசம் விசாரிக்கவில்லை. கையைக் காட்டி உள்ளே விடச் சொன்னார். விட்டேன். கார்க் கொட்டில் வெறுமையாக இருந்தது. கூட்டித் துப்புரவாக இருந்தது.

"இன்னும் கொஞ்சம் முன்னுக்கு. காணும், நிப்பாட்டுங்கோ."

நிறுத்திவிட்டு இறங்கிக் குனிந்து பார்த்தேன். அந்தக் காரில் எண்ணெய் சொட்டும். கொட்டிலின் சீமெந்தில் ஒரு பழைய கறுப்புக் கறை. சொட்டு அதன் நடுவில் விழுந்தது.

"இந்தக் கார்ச் சத்தம் கேட்டுத்தான் திறந்தனான்" என்றார் அக்கா. கார்க் கதவையே பார்த்தார். "அவர் வரேல்லையோ?"

தரகர் என்னைப் பார்த்தார்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. புத்தகத்தில் இருந்த பெயர் அக்காவின் கணவருடையது. சண்டைப் பிரச்சினை நேரத்தில் இதே காரில் பட்டணத்துக்குப் போனவர். பதினேழு வருடம். அவரும் வரவில்லை, காரும் வரவில்லை.

நான் பேப்பரைக் கொடுத்தேன். அக்கா கனநேரம் பார்த்தார்.

"அவற்ற கையெழுத்துத்தான். ஆனா அவர் மேசையில வைச்சுத்தான் எழுதுவார், தம்பி. இது மடியில வைச்சு எழுதினது."

பேப்பரை வெயிலில் பிடித்துக் காட்டினார். கையெழுத்து ஓடின வழியில் சின்னச் சின்ன ஓட்டைகள். அடியில் பலகை இல்லாமல் பேனா குத்தினது. நான் அவற்றை முதலே கண்டிருந்தேன். பூச்சி அரித்தது என்று நினைத்திருந்தேன்.

அக்கா உள்ளே போய் அடையாள அட்டைக் கொப்பியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"இதைக் கொண்டுபோங்கோ. பேப்பரை எனக்குத் தாங்கோ. அவரைக் காணேல்லை எண்டு எத்தினை இடத்தில எழுதிக் குடுத்தனான். ஒரு ஆதாரமும் இல்லை எண்டுதான் சொன்னவை. கார் போன பிறகும் அவர் உயிரோட இருந்திருக்கிறார், ஆரோ மடியில வைச்சுக் கையெழுத்து வாங்கியிருக்கினம். அதுக்கு ஆதாரமா இது இருக்குத்தானே."

தரகர் என்னை ஒரு பக்கம் இழுத்தார். "அண்ணன், உங்களுக்கு விசரா? அதக் குடுத்தா கார் எந்தக் காலத்திலயும் உங்கட பேருக்கு வராது. விக்கவும் ஏலாது. பழைய இரும்புக்குத்தான் போடலாம்."

"ஓம்" என்றேன்.

பேப்பரைக் கொடுத்தேன்.

அக்கா அதை மடிக்கவில்லை. ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். உதடு அசைந்தது. எண்ணினார்.

திரும்பி வரும்போது தரகர் தன் கொமிசனைக்கூடக் கேட்கவில்லை. உப்புவெளி தாண்டிய பிறகு, "கண்ணாடியப் பார்க்காதீங்க, நேரா ஓட்டுங்க" என்றார். நான் கண்ணாடியில் பின்சீட்டைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன், அக்காவின் கணவர் அதில் இருந்துதான் எழுதினாரோ என்று.

அந்தக் கார் இன்றைக்கும் அக்காவின் கணவர் பெயரில்தான் ஓடுகிறது. வருடா வருடம் அவர் பெயருக்கு வரிப்பத்திரம் எடுக்கிறேன். சங்கிலியை மீட்டுவிட்டேன். மாதத்தில் ஒரு நாள் காரைக் கொண்டுபோய் அந்தக் கொட்டிலில் விட்டுவிட்டு, கொஞ்ச நேரம் நின்று வருகிறேன். சொட்டு அதே இடத்தில் விழுகிறது.

யார் எந்தப் பேப்பரைத் தந்தாலும் இப்போது முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். ஒரு கையெழுத்துக்குப் பின்னால் யாருடைய மடி, யாருடைய கை இருந்தது என்று எனக்குத் தெரியாது. அன்று அக்கா அந்த ஓட்டைகளை எண்ணும்போது நானும் மனதுக்குள் எண்ணினேன்.

ஏழு.