அவர் காலுக்காக நான் சாப்பிட்டது

அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய தோட்ட பங்களா. அதில் நானும் என் கணவரும் சில வாரங்கள் தங்கியிருந்தோம். முப்பதுகளின் தொடக்கம் அது. இப்போது யோசித்தால் அது நடந்ததா, மத்தியான அசதியில் கண்ட கனவா என்றே சந்தேகம் வருகிறது. அந்த வீட்டு வாசல் எந்தத் திசையில் இருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆற்றில் பட்ட வெயில் ஜன்னல் வழியாக ஏறி உத்தரத்தில் நாளெல்லாம் அசைந்துகொண்டிருந்தது மட்டும் அப்படியே நினைவிருக்கிறது. கட்டிலில் படுத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பகலில் கட்டிலில் படுப்பது என்பது எங்கள் வீட்டில் ஜுரம் வந்தால்தான் நடக்கும்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. நடக்கிற மனிதர் அவர். ஆபீசுக்கும் நடை, கடற்கரைக்கும் நடை. டிராம் பக்கத்தில் வந்து நின்றால் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நடப்பார். நாங்கள் அவருடைய அண்ணா குடும்பத்தோடு மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்புறத் தெருவில் இருந்தோம். அண்ணா மாம்பலத்தில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டிருந்தார். தியாகராய நகர் என்று அதற்குப் புதுப் பெயர் வந்திருந்தது. எங்களுக்கு அது மாம்பலம்தான். அங்கே வேலையைப் பார்க்கப் போன என் கணவர் காலில் ஆணி ஏறியிருக்கிறது. வியாதியில் கால் மரத்துப்போயிருந்ததால் அவருக்கு அது தெரியவேயில்லை. வீட்டுக்கு வந்து கால் அலம்பும்போது நான்தான் ரத்தத்தைப் பார்த்தேன்.

அந்தப் புண் ஆறவில்லை. கட்டைவிரல் ஓரம் கருக்க ஆரம்பித்தது. சர்க்கரை இறங்காவிட்டால் விரலோடு நிற்காது, பாதத்தையே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடக்கிற மனிதரிடம் இதைச் சொன்னால் எப்படி இருக்கும். அவர் செருப்பை எடுத்துத் துடைத்து வைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் அடையாற்றில் ஒரு டாக்டர் இந்த வியாதியை ஆராய்ச்சி செய்கிறார் என்று கேள்விப்பட்டோம். ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிடுகிற இரண்டு பேரில் ஒருவருக்குச் சர்க்கரை ஏறுகிறது, இன்னொருவருக்கு ஏறவில்லை, அது ஏன் என்று அவர் பார்க்க விரும்பினார். அதற்குக் கணவனும் மனைவியுமாகத் தாங்களாகவே வந்து தங்கச் சம்மதிக்கிறவர்கள் வேண்டும். வருகிறவருக்கு இன்சுலின் ஊசியும் புண்ணுக்கு வைத்தியமும் அங்கேயே. ஜோடியில் ஒருவர் நோயில்லாதவராக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. அதாவது, அவர் கால் என் ரத்தத்தை நம்பி இருந்தது.

இதைச் சொல்ல அவர் தயங்கித் தயங்கி வந்தார். "ஒனக்கும் ஊசி குத்துவா. சித்த நேரத்துக்கு ஒரு தரம் ரத்தம் எடுப்பா. இஷ்டமில்லேன்னா விட்டுடலாம்."

"ஒங்க கால் நிக்கணும்னா என் கை ரெண்டு குத்து வாங்கிக்காதா?" என்றேன்.

மன்னிக்குத்தான், அதாவது அண்ணாவின் மனைவிக்கு, இது பிடிக்கவில்லை. நோயில்லாதவள் போய் ரத்தம் கொடுப்பதாவது என்றாள். அவளுக்கு வேறு வைத்தியம் தெரியும். புண் கருத்த அன்றே எனக்கு ஒரு விரதம் சொல்லிக்கொடுத்திருந்தாள். வடபழனி முருகனை நினைத்துக்கொண்டு தினம் ஒரே வேளைச் சாப்பாடு. செவ்வாயும் வெள்ளியும் அதுவும் கிடையாது, மோர் மட்டும். புண் ஆறுகிற வரைக்கும். நானும் அப்படியே இருந்து வந்தேன். பசி சில நாள் கடித்தது, அப்புறம் பழகிவிட்டது. தலை லேசாக மிதப்பது போல் இருக்கும். அது பக்தி என்று நினைத்துக்கொள்வேன்.

குதிரை வண்டியில் அடையாற்றுப் பாலத்தைத் தாண்டியபோது காலை வெளிச்சத்தில் தூரத்தில் குப்பத்துக் கட்டுமரங்கள் தெரிந்தன. அன்றைக்கு வெள்ளிக்கிழமை, நான் வெறும் வயிறுதான்.

டாக்டர் மெதுவாகப் பேசுகிறவர். கையில் பென்சிலோடு என்னைக் கேட்டார். "நீங்க வீட்டுல என்ன சாப்பிடுறீங்க, அம்மா?"

"அவர் சாப்பிடறதேதான்," என்றேன்.

பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரே அடுப்பு, ஒரே பானை, ஒரே குழம்பு. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு பானையில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று அவர் கேட்கவில்லை. விரதத்தையும் கேட்கவில்லை. அது எனக்கும் முருகனுக்கும் உள்ளது. இங்கிலீஷ் வைத்தியருக்கு அதில் என்ன வேலை?

மறுநாள் காலை எனக்கு ஒரு தம்ளர் நிறைய குளுக்கோஸ் கரைத்த தண்ணீர் கொடுத்தார்கள். இனிப்பு என்றால் அப்படி ஓர் இனிப்பு, மணமில்லாத இனிப்பு. குடித்துவிட்டு ஜன்னலோரம் படுத்தேன். அரை மணிக்கு ஒரு தரம் நர்ஸ் வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். நடுநடுவே தூங்கினேனா விழித்தேனா தெரியாது. உத்தரத்தில் வெளிச்சம் நெளிந்தது. யாரோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். என் கை என்னுடையதாக இல்லாமல் போர்வையின் மேல் கிடந்தது.

சாயங்காலம் டாக்டர் அவரைத் தனியே கூப்பிட்டார். திரும்பி வந்தவர் கட்டிலில் உட்கார்ந்து கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னன்னா?"

"ஒனக்கும் இருக்கு போலிருக்காம். சர்க்கரை ஏறினது எறங்கவே இல்லையாம்."

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வியாதியை நினைத்து அல்ல. எனக்கும் இருந்தால் நாங்கள் ஜோடி இல்லை. ஜோடி இல்லையென்றால் ஊரைப் பார்க்கப் போக வேண்டியதுதான். எங்களுக்குப் பின்னால் வேறு ஜோடிகள் காத்திருந்தார்கள். மயிலாப்பூருக்குப் போனால் அந்தப் பாதம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

டாக்டர் மறுபடி வந்தார். நோய் என்று முடிவு கட்ட அவருக்கும் மனமில்லை போலும். "அம்மா, நேத்து என்ன சாப்பிட்டீங்க? மறைக்காம சொல்லுங்க."

"ஒண்ணும் சாப்பிடலை."

"அதுக்கு முந்தின நாள்?"

சொன்னேன். விரதத்தைச் சொன்னேன். அவர் விடாமல் கேட்கவே, விரதத்துக்கு முந்திய நாட்களையும் சொன்னேன். புருஷர்களுக்குப் போட்டு, குழந்தைகளுக்குப் போட்டு, வந்தவர் போனவருக்குப் போட்டு, மன்னியும் நானும் அடிப்பானையை வழித்துக்கொள்வதைச் சொன்னேன். சில நாள் நீர் மோர்தான் என்பதையும் சொன்னேன். கதவோரம் நின்ற என் கணவர் என்னைப் புதிதாகப் பார்ப்பது போல் பார்த்தார். இத்தனை வருஷமாகக் கேட்காத மனிதர். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று சர்க்கரை கொடுத்தால் அதை வாங்கிக்கொள்ளத் தெரியாது என்று டாக்டர் விளக்கினார். இது நோயா பட்டினியா என்று சாப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியுமாம். "கொஞ்ச நாள் அவருக்கு நிறுக்கிற சோறே உங்களுக்கும் நிறுப்போம். அவர் கூடவே, அதே நேரத்துக்கு உட்காரணும். அப்புறம் இன்னொரு தடவை பார்ப்போம். அதுவரைக்கும் யாரையும் அனுப்ப மாட்டேன்."

பக்கத்து அறையில் ராயப்பேட்டைக் குடைக்கடைக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். டாக்டர் நேரே அங்கே போய் அந்த அம்மாளிடமும் அதே கேள்வியைக் கேட்டார். திரைக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர்ப் பானையருகே என்னைப் பார்த்தபோது அவள், "இன்னா அக்கா, வந்த அன்னிக்கு நானும் அதே சாப்பாடுதான்னு சொல்லிக்கினேன். எல்லாரும் துன்னப்புறம் மீந்ததுதான்னு யாரு போய் சொல்லுவா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது. விரதத்தை நடுவில் முறித்தால் சாமி குற்றமாகி அந்தக் கால் போய்விடுமோ? முறிக்காவிட்டால் என் ரத்தம் தேறாமல் அந்தக் கால் போய்விடும். அவரிடம் சொன்னேன்.

"முருகன்கிட்ட நான் பேசிக்கறேன். நீ சாப்பிடு," என்றார்.

"பேசுவேள். கால் போயிடுத்துன்னா?"

"போனா என் காலோடதானே போறது. நீ பட்டினி கெடந்தா முருகனுக்கு ஒரு பிடி அதிகமா கெடைக்குமா என்ன?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெகுநேரம் அழுதேன். பிறகு முகம் அலம்பிக்கொண்டு போய் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

சமையல்காரர் தராசில் இரண்டு பங்காகச் சோற்றை நிறுத்து இரண்டு இலையிலும் போட்டார். ஆவி பறந்தது. என் இலையில் ஆவி பறந்து நான் பார்த்ததில்லை. முதல் நாள் பாதிக்கு மேல் இறங்கவில்லை. "மிச்சம் வைக்கக் கூடாதும்மா, டாக்டர் உத்தரவு," என்று சமையல்காரர் பக்கத்திலேயே நின்றார். புருஷனுக்காகப் பட்டினி கிடந்தவர்கள் ஊரெல்லாம் உண்டு. புருஷனுக்காக வயிறு முட்டச் சாப்பிட்டவள் நான் ஒருத்திதான் இருப்பேன்.

அதற்கப்புறம் நாட்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. காலையில் அவருக்கு ஊசி. அந்த மருந்தை எந்த மிருகத்திலிருந்து எடுக்கிறார்கள் என்று கேட்காதே என்றார், நானும் கேட்கவில்லை. புண்ணை அலம்பிக் கட்டுவார்கள். அப்புறம் இலை. எதிரெதிரே உட்கார்ந்ததில்தான் அவர் கறிவேப்பிலையை இலை ஓரத்தில் வரிசையாக அடுக்குவார் என்று கண்டேன். எனக்கு ரசம் இவ்வளவு பிடிக்கும் என்று அவரும் கண்டார். "இதை நீ சொன்னதே இல்லையே," என்றார். "நான் சாப்பிட வரச்சே ரசம் இருந்தாதானே சொல்றதுக்கு," என்றேன்.

மத்தியானம் ஆற்றுக்காற்று வரும். வயிறு நிறைந்த தூக்கம் கண்ணைச் சுற்றும். அந்தத் தூக்கத்தில் கனவுகள் வந்தன, எல்லாம் அர்த்தமில்லாத, நல்ல கனவுகள்: குளம் நிறைந்து தெருவில் வழிகிறது, அவர் அதன்மேல் நடந்து வருகிறார், பாதம் நனையவில்லை. விழித்துப் பார்த்தால் அவர் கட்டிலில் உட்கார்ந்து விரலை மெல்ல அசைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் சந்தோஷமாக இருந்தேன். அவர் கால் அந்த நிலையில் இருக்கும்போது சந்தோஷமாக இருந்தது சரியா தவறா என்று அப்போது தோன்றவே இல்லை.

மறுபடி அந்த இனிப்புத் தண்ணீர். மறுபடி ஊசி, வெளிச்சம், அரைத்தூக்கம். இந்த முறை டாக்டர் சாயங்காலம் வரை காக்கவில்லை. ஏறிய சர்க்கரை ஒழுங்காக இறங்கிவிட்டது என்றார். எனக்கு நோயில்லை. நாங்கள் ஜோடிதான்.

அதனால் அங்கேயே இருந்தோம். கருப்பு நின்றது, ஓரத்தில் சிவப்பு வந்தது, தோல் மூடியது. கட்டைவிரலின் நுனி கொஞ்சம் போயிற்று. பாதம் நின்றது. கிளம்புகிற அன்று வண்டி வேண்டாம், நடந்தே போகலாம் என்றார். டாக்டர் அதட்டி வண்டியில் ஏற்றினார்.

வீட்டில் மன்னி வாசலிலேயே திருஷ்டி சுற்றினாள். அடுக்களைக்குள் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தியா, நீ இருந்த விரதம் வீண் போகலை. வர வெள்ளிக்கிழமை ரெண்டு பேருமா ஒரு வாய் ஜலம்கூடக் குடிக்காம இருந்து முருகனுக்கு நன்றி சொல்லிடுவோம்."

"நான் விரதம் இருக்கலை, மன்னி. அவருக்கு எதுத்தாப்ல ஒக்காந்து, அவர் சாப்பிட்ட அளவு நானும் சாப்பிட்டேன். அதுலதான் கால் நின்னுது."

அவள் கை விலகியது. கூடத்தில் ஆண்களுக்கு இலை போட்டிருந்தது. நல்ல வசவு ஒன்று வரப்போகிறது என்று நான் தயாராக நின்றேன். மன்னி சோற்றுப் பானையின் மூடியை ஒருமுறை திறந்தாள், மூடினாள். பிறகு கூடத்தின் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"தெனமும் சூடாவாடி போட்டா?"